கொழும்பைப் பார்க்க மூன்று நாள்: மலையகத்திலிருந்து புறப்படுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்புக்குப் போகாத மலையகக் குடும்பத்தைக் காண்பது கடினம். கடவுச்சீட்டு எடுக்க, பெரியாஸ்பத்திரியில் கிளினிக் காட்ட, மத்திய கிழக்குக்குப் போகும் அக்காவை வழியனுப்ப, புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் தம்பியைப் பார்க்க என்று ஏதாவதொரு காரணத்துக்காக இரவு பஸ்ஸில் போய் விடியலில் இறங்கி, காரியத்தை முடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பி விடுகிறோம். ஊரைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் குறைவு. ஹட்டன் பக்கத்திலிருந்து உறவினரையும் அயலவரையும் பல தடவை அப்படி அழைத்துச் சென்றவன் என்பதால், புறப்படுமுன் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு இரவு, மூன்று பகல் போதும். மாநகர சபை எல்லைக்குட்பட்ட கொழும்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர்தான். பெரிய தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தால் அந்தப் பரப்பு வந்துவிடும். ஆனால் வாகன நெரிசலில் இரண்டு கிலோமீற்றர் போக முக்கால் மணி நேரம் பிடிக்கும் ஊர் அது. ஆகவே இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடுவதைவிட, ஒரு பொழுதுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்வது நல்லது. வந்து சேரும் நாளின் மாலையைக் காலிமுகத்திடலுக்கும், இரண்டாம் நாள் காலையைப் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்கும், மாலையைத் தாமரைக் கோபுரத்துக்கும், மூன்றாம் நாள் காலையை அருங்காட்சியகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கறுவாத்தோட்டத்துக்கும் ஒதுக்கினால் யாருக்கும் களைப்பிருக்காது. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெயில் பழக்கமில்லை.

எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் போவது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும்போதும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கொழும்பில் பெய்யும் மழை நம்முடைய சாரல் மழையைப் போன்றதல்ல. ஒரு மணி நேரத்தில் வீதியை முழங்காலளவு நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடும். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஓகஸ்ட் பாதகமில்லை.

தவிர்க்க வேண்டிய காலங்கள் இரண்டு. ஒன்று, தீபாவளியை ஒட்டிய வாரம். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எல்லாரும் அப்போதுதான் ஊருக்கு வருகிறார்கள் என்பதால், வரும்போதும் திரும்பும்போதும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. மற்றொன்று, ஏப்ரல் 13, 14ஐ ஒட்டிய புத்தாண்டு நாட்கள். கொழும்பில் உள்ளவர்கள் வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு நுவரெலியாவுக்கு ஏறிவிடுவதால், கடைகள் பூட்டி, சாப்பாட்டுக் கடைகூட இல்லாத வெறும் ஊராகக் கொழும்பு கிடக்கும்.

கிழமையைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதே வசதி. புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையை அதற்கென்று வைத்துவிடுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். பல வியாபார நிலையங்களும் திறப்பதில்லை. மே மாதத்து வெசாக் மட்டும் விதிவிலக்கு. பேரே வாவியைச் சுற்றியும் கங்காராம விகாரைப் பக்கத்திலும் கட்டப்படும் வெளிச்சக்கூடுகளையும் தோரணங்களையும் பார்ப்பதற்காகவே அந்த இரவில் கொழும்பில் இருக்கலாம். நெரிசலில் பிள்ளையின் கையை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

ரயிலில் போவதா, பஸ்ஸில் போவதா?

நேரம் முக்கியமென்றால் பஸ். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாக ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் புறக்கோட்டை வந்துவிடும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தார் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக வருவார்கள். வளைவுகளில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு கித்துல்கல தாண்டும் வரை வெறும் வயிறும் ஒரு துண்டு எலுமிச்சம்பழமும் உதவும்.

பயணமும் பார்க்க வேண்டியவற்றில் ஒன்றென்று நினைத்தால் ரயில். கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்த இந்தப் பாதை, கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. அந்தப் பெட்டிகள் இறங்கிய வழியிலேயே நாமும் இறங்குகிறோம். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தில் பிள்ளைகள் கூச்சல் போடுவதை யாரும் தடுக்க வேண்டாம், நாங்களும் போட்டவர்கள்தான்.

ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவால் உடைந்தது. சாதாரண மழைக்காலத்திலும் ஓரிடத்தில் மண் சரிந்தால் ரயில் பாதியில் நின்றுவிடும். ஆகவே உங்கள் நிலையத்திலிருந்து கொழும்புக் கோட்டை வரை அன்றைக்கு ரயில் ஓடுகிறதா என்பதை ஸ்டேஷனிலேயே கேட்டுவிட்டுப் பயணத்தைத் தீர்மானியுங்கள். ஆசனப் பதிவுள்ள பெட்டிகளுக்கான டிக்கட்டுகள் வெளிநாட்டுப் பயணிகளின் தேவையால் விரைவாக முடிந்துவிடுவதால், விற்பனை தொடங்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போவதற்கு முன்பதிவு தேவையில்லை என்றாலும், வயதானவர்களோடு போகும்போது அதை நம்பிப் புறப்படாதீர்கள்.

கொழும்பு 6, கொழும்பு 13 என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன?

அவை தபால் வட்டார எண்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1 கோட்டை, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை என்ற ஏழு எண்களைத் தெரிந்துவைத்திருந்தால் இந்தப் பயணத்துக்குப் போதும். 3, 4, 6 ஆகியவை காலி வீதியில் கடலோரமாக அடுத்தடுத்து வருபவை.

எங்கே தங்கலாம்?

வெள்ளவத்தை அல்லது கொட்டாஞ்சேனை. இரண்டிலும் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். சைவச் சாப்பாட்டுக் கடைகள், கோவில்கள், குறைந்த வாடகை லொட்ஜுகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. கடல் வேண்டுமென்றால் வெள்ளவத்தை. புறக்கோட்டைக்குக் கிட்ட இருக்க வேண்டுமென்றால் கொட்டாஞ்சேனை. புறக்கோட்டைக்குள்ளேயே தங்குவதை நான் குடும்பங்களுக்குச் சொல்வதில்லை. விடிய மூன்று மணிக்கே லொறிகளில் சாமான் இறக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தொலைபேசியில் கேட்டு முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்ப வேண்டாம். ஒருமுறை “கடல் பக்கத்து அறை” என்ற வார்த்தையை நம்பி முழு வாடகையையும் அனுப்பிவிட்டு, ஆறு பேராகப் போய் இறங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் தொங்கும் தண்ணீர்க் குழாயும்தான் தெரிந்தன. அலைச் சத்தம் மட்டும் கேட்டது உண்மை. அதன் பிறகு, அறையையும் மின்விசிறியையும் குளியலறையையும் பார்த்துவிட்டே பணத்தை எடுக்கிறேன். பெரியவர்கள் எல்லாரும் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அறை எடுப்பதற்கு மட்டுமல்ல, நுழைவுச் சீட்டு எடுக்கும் பல இடங்களில் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் அது உதவும்.

புறக்கோட்டையில் கடைகளைத் தவிர என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக் கடைகளுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டதுபோல் நிற்கும் ஜாமி உல் அல்ஃபார் பள்ளிவாசல் 1908, 1909ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்று பார்க்கும்போது, செங்கல் வரிகள் ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் முறுக்கியதுபோலவும் ஓடுவது தெரியும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் அந்தத் தெருவில் கூட்டம் நிறைந்திருக்கும். வேறு நேரத்தில் போங்கள்.

அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு வந்தால் இருபுறமும் நகைக் கடைகள். மகளுக்குத் தோடு வாங்க வந்த எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் இந்தத் தெருவைப் பார்த்திருக்கின்றன; ஆனால் அதே தெருவிலுள்ள பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோவில்களுக்குள் போனவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆடிவேல் விழாவுக்கு வேல் தாங்கிய தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். விலை கேட்டுக் களைத்த கால்களுக்கு அந்த மண்டபத்தின் குளிர்ந்த தரை பெரிய ஆறுதல்.

இன்னும் வடக்கே போனால் கொச்சிக்கடை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் முழுவதும் கருங்கல்லால் ஆனது. பொன்னம்பல முதலியார் தொடங்கிய கோவிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே அரையிருட்டும் குளிர்ச்சியும் நிறைந்திருக்கும். தூண்களுக்கிடையே விளக்கொளி மட்டும் அசைவதைப் பார்த்த என் அப்பாயி (அப்பாவின் அம்மா), “இது நம்ம ஊர் விடியக்காலம் மாதிரி இருக்கு” என்றார். அருகிலேயே புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான ஆலயங்களில் ஒன்று அது. எல்லா மதத்தவரும் வந்து மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பைகளைச் சோதிப்பார்கள், பொறுமையாக இருங்கள்.

வாங்குவதைப் பற்றி ஒன்று மட்டும்: நடைபாதையில் சொல்லும் முதல் விலைக்கு வாங்காதீர்கள், ஆனால் வாங்கும் எண்ணமில்லாமல் பேரம் பேசவும் வேண்டாம். கடையில் நிற்கும் பையன் பெரும்பாலும் பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வந்தவனாக இருப்பான். ஊர்ப் பெயரைச் சொன்னால் விலை குறைகிறதோ இல்லையோ, உட்கார ஸ்டூல் கிடைக்கும்.

காலிமுகத்திடலில் என்ன பார்ப்பது? வெறும் திடல்தானே?

வெறும் திடல்தான், அதுவே அதன் சிறப்பு. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் கடலோர நடைபாதை முடிக்கப்பட்டபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைத் தமக்குப் பின் வருவோர் பேண வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தார். அந்த வேண்டுகோளை மாலை ஐந்து மணிக்குப் போகிறவர்கள் கண்ணால் காணலாம்: பட்டம் விடும் பிள்ளைகள், குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் இளஞ்சோடிகள், வண்டி வண்டியாக இறால் வடை. முழு இறாலை ஓட்டோடு பருப்பு மாவின் மேல் வைத்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் கலந்த கலவையைப் போட்டுத் தருவார்கள். எண்ணெயில் புதிதாகப் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். அடுக்கிவைத்திருப்பது காலையில் பொரித்ததாகவும் இருக்கலாம்.

திடலின் வடக்கு முனையில் தூண்களோடு நிற்கும் கட்டடம் 1930இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றம், இன்றைய ஜனாதிபதி செயலகம். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து 1952இல் நம் தலைவர்களும் தொழிலாளரும் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2022 ஏப்ரல் 9 முதல் இளைஞர்கள் கூடாரமடித்துப் போராடியது இந்தத் திடலில்தான். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். அலை இழுவை கடுமையானது என்பதால் இங்கே குளிக்க இறங்க வேண்டாம்.

அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்காதா?

எல்லாக் கூடங்களையும் பார்க்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனால் பெரியவர்களுக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். மூன்று நான்கு பொருட்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

வாசலிலிருந்தே தொடங்கலாம். வெள்ளைக் கட்டடத்தின் முன் சிலையாக நிற்பவர் ஆளுநர் வில்லியம் கிரெகரி. நுவரெலியாவின் கிரெகரி வாவிக்குப் பெயர் தந்த அதே மனிதர். அவர் முயற்சியால் இந்த அருங்காட்சியகம் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. வாவியில் படகு ஓட்டிய பிள்ளைகளுக்கு அவர் பழக்கமான ஆளாகிவிடுவார்.

உள்ளே கண்டி அரசரின் சிம்மாசனமும் முடியும் இருக்கின்றன. 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு இங்கிலாந்துக்குப் போன இவை, 1934இல் குளொஸ்டர் கோமகன் கையால் திரும்பி வந்தன. சிம்மாசனத்தில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவர். கண்ணுசாமி என்பது அவருடைய இயற்பெயர். அவரை வேலூருக்கு நாடுகடத்தினார்கள். அதற்கு முன் கொழும்பில் அவரை அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு அறையொன்று கோட்டைப் பகுதியில், உயர்ந்த அலுவலகக் கட்டடமொன்றின் அருகே இன்னும் நிற்கிறது. சிம்மாசனத்தின் கைப்பிடிகளில் இரண்டு சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எங்களோடு வந்த ஏழு வயதுப் பிள்ளை அவற்றைப் பார்த்துவிட்டு, “இதில் உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பார்?” என்று கேட்டாள். கீழே பாதப்பலகையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அந்தக் கூடத்தை விட்டு வரவில்லை.

தமிழர் தவறவிடக் கூடாதது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நிறுத்திய இந்தக் கல் 1409ஆம் ஆண்டைக் குறிப்பிடுகிறது. 1911இல் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டது. உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருக்க, கீழே சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எழுத்துகள் தேய்ந்துபோயிருக்கின்றன. ஆனாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் நமக்குப் பழகிய வளைவுகள் இங்குமங்கும் பிடிபடும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவின் துறைமுகத்தில் பேசப்படவேண்டிய மூன்று மொழிகளில் ஒன்று என்று ஒரு சீனத் தளபதி தமிழைக் கணக்கிலெடுத்திருக்கிறார் என்பதை நான் அழைத்துச்சென்ற எல்லாரும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலைகளில் நடராசரைக் கண்டவுடன் நகர்ந்துவிடாதீர்கள். எலும்பும் தோலுமாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைத் தேடுங்கள். சிறிய உருவம்தான். கோவில் திருவிழாவில் தாளம் தட்டும் கிழவியைப் போன்ற முகம்.

காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். நான் முதல் தடவை குடும்பத்தோடு போனபோது மாலையில்தான் போய்ச் சேர்ந்தோம். சீட்டு கொடுத்து முடிந்துவிட்டது என்றார்கள். முன்னாலிருந்த பெரிய ஆலமரத்தின் கீழ் உட்கார்ந்து கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

சுதந்திர சதுக்கத்துக்குப் போவது பயனுள்ளதா?

அருங்காட்சியகத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடத் தூரம்தான், போங்கள். கண்டியிலுள்ள மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தின் சாயலில் கட்டப்பட்ட திறந்த மண்டபம், சுற்றிலும் கற்சிங்கங்கள், முன்னால் நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் சிலை. 1948 பெப்ரவரியில் சுதந்திர இலங்கையின் முதல் நாடாளுமன்றம் இந்த இடத்தில் சம்பிரதாயபூர்வமாகத் தொடக்கிவைக்கப்பட்டது. அதைத் தொடக்கிவைத்தவரும் சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்த அதே குளொஸ்டர் கோமகன்தான்.

அதே 1948இல் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம்தான் மலையகத் தமிழர் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வழி பிறந்தது. மண்டபத்தின் படிகளில் உட்கார்ந்து சிலையை நிமிர்ந்து பார்க்கும்போது, ஊரில் தாத்தாமார் பெட்டிக்கடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த விண்ணப்பப் பத்திரங்கள் எனக்கு ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வருகின்றன. மாலையில் ஓடுவோரும் நடப்போருமாக இருக்கும் அழகான இடம்தான்.

அருகிலுள்ள விகாரமகாதேவி பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடலாம். எதிரே வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்பது மாநகர சபை மண்டபம்.

தாமரைக் கோபுரத்தில் ஏறத்தான் வேண்டுமா?

350 மீற்றர் உயரம், தென்னாசியாவிலேயே உயரமான கோபுரம் என்றெல்லாம் சொல்லிவிட்ட பிறகு பிள்ளைகளைத் தடுக்க முடியாது. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஏறினால் பகல் நகரத்தையும் விளக்கேற்றிய நகரத்தையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். செலவு மிஞ்சுமென்றால், கீழே பேரே வாவிக் கரையில் நின்று, தண்ணீரில் அதன் நிறம் மாறுவதைப் பார்ப்பது இலவசம். எனக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கும். சிவனொளிபாத மலை ஏறியவர்களுக்கு உயரம் ஒன்றும் புதிதல்ல.

மிருகக்காட்சிசாலைக்கும் கடலுக்கும் நேரம் கிடைக்குமா?

இரண்டில் ஒன்றுக்குக் கிடைக்கும். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அரை நாள் வேண்டும். அதை எடுத்தால் கறுவாத்தோட்டத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் மிருகக்காட்சிசாலையைத் தேர்ந்தெடுங்கள்.

கடலுக்கு வேறொரு குறுக்குவழி இருக்கிறது. கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோர ரயிலில் கல்கிசை வரை போய்த் திரும்புங்கள். ஒரு வழிக்கு அரை மணி நேரமளவில்தான் ஆகும், டிக்கட்டும் மிகக் குறைந்த விலை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று போகும்போது வலப்பக்கத்து ஜன்னலில் கடல் மிக நெருக்கமாக வரும். அலை பெரிதாக அடிக்கும் நாட்களில் முகத்தில் உப்புத் தூறல் விழும். காலை, மாலை அலுவலக நேரங்களில் மட்டும் ஏறாதீர்கள்.

ஊருக்குள் போய்வர என்ன வழி?

காலி வீதி வழியாகப் போக 100ஆம் இலக்க பஸ், நகர மண்டபம் மற்றும் அருங்காட்சியகப் பக்கத்துக்கு 138. இந்த இரண்டும் புறக்கோட்டையிலிருந்து அடிக்கடி கிடைக்கும். ஆட்டோ என்றால் மீற்றர் போடச் சொல்லுங்கள். மீற்றர் பழுது என்றால் அடுத்த ஆட்டோவுக்குப் போங்கள். பிக்மீ, ஊபர் செயலிகளில் தொகை முன்கூட்டியே தெரிவதால், குடும்பத்தில் யாராவது ஒருவரின் கைப்பேசியில் அதை ஊரிலேயே நிறுவி வைப்பது நல்லது.

வயதானவர்களை அழைத்துப்போகலாமா?

கட்டாயம் அழைத்துப்போங்கள், அவர்கள்தான் அதிகம் ரசிக்கிறார்கள். மலைப்பாதையில் நடந்தவர்களுக்கு நடை பிரச்சினையல்ல, சூடும் கழிப்பறையும்தான் பிரச்சினை. புறக்கோட்டைக்குள் நுழைவதற்கு முன் கோட்டை ரயில் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட வேண்டும். தண்ணீர்ப் போத்தலும் குடையும் கைவசம் இருக்கட்டும். பெரிய கடைத்தொகுதிகளில் நகரும் படிக்கட்டைக் கண்டால் பலர் தயங்குவார்கள். என் அப்பாயி முதல் படியின் முன்னால் நின்று, கொழுந்துக் கூடையோடு ஓடையைத் தாண்டுகிறவரைப்போலச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு படிகள் போக விட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தேறினார். இறங்கும்போது லிஃப்ட் போதும் என்றார்.

சாப்பாடு, மொழி, உடுப்பு?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இடியப்பம், தோசை, சோற்றுச் சாப்பாடு எளிதாகக் கிடைக்கும். மதியம் சோறு, இரவு கொத்து ரொட்டி என்று வைத்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். ஒரு கொத்தை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலும் தமிழிலேயே பேசலாம். பஸ்ஸில் சிங்களம் உதவும். பருத்தி உடுப்பு போதும், ஆனால் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பும் இரவு பஸ் ஹட்டனில் உங்களை இறக்கிவிடும் விடியற்காலையில், வியர்வை காயாத சட்டையோடு நின்றால் தெரியும்.

கொழும்பில் தேயிலை வாங்கலாமா? சிரிக்கமாட்டார்களா?

சிரிக்கட்டும், வாங்கலாம். நம் தொழிற்சாலைகளிலிருந்து போகும் தேயிலையில் பெரும்பகுதி 1883இல் தொடங்கிய கொழும்பு ஏல விற்பனை வழியாகவே உலகத்துக்குப் போகிறது. ஏலம் நடக்கும் கூடத்தைப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் அது இணையவழியில் நடப்பதால் சுத்தியல் சத்தத்தைக் கேட்க வழியில்லை. ஆனால் நகரத்துத் தேயிலைக் கடைகளில் டிம்புல, ஊவா, நுவரெலியா என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து அழகான பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தூள்; நாம் பறித்த கொழுந்து முழு இலையாகச் சுருண்டு வந்தால் எப்படியிருக்கும் என்பதைப் பார்க்காதவர்கள் நம்மிலே அதிகம். சின்னப் பெட்டி ஒன்று போதும். கொதித்த நீரை ஊற்றி நான்கைந்து நிமிடம் மூடிவைத்து, முதல் கோப்பையைப் பாலும் சீனியும் இல்லாமல் அப்பாயிக்குக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டு, “இது எந்த மலைக் கொழுந்து?” என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.